மாட்டுக்கு ஆகாத பார்லி சக்கை எரிபொருளாகும்

பீர் ஆலைகளில் முளைகட்டிய பார்லியிலிருந்து சாறு எடுத்த பின் மிஞ்சும் சக்கை, கறவை மாடு வளர்ப்போர் பலரும் அறிந்த தீவனம். 100 லிட்டர் பீருக்குச் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். உலர் எடையில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் உண்டு. ஆனால், 75 முதல் 80 சதவீதம் ஈரம் இருப்பதால், வெயில் காலத்தில் இரண்டு, மூன்று நாளிலேயே பூசணம் பிடித்துவிடும். சில பூசணங்களின் அஃப்ளாடாக்சின் நச்சு, மாடு தின்றால் பாலிலும் கலக்கும். எனவே, பூசணம் கண்ட சக்கையைத் தீவனத்தில் சேர்க்கவே கூடாது.

அதைக் காயவைத்து எரிப்பதும் கட்டுப்படியாகாது. ஒரு டன் சக்கையில் 750 கிலோவுக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கிறது. கிடைக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு உலர்த்தவே செலவாகிவிடும்.

இதற்குத் தீர்வு நீர்வெப்பக் கரியாக்கம். ஜெர்மானிய வேதியியலாளர் பிரெடரிக் பெர்ஜியஸ் 1913-ல் விவரித்த முறை இது. மூடிய அழுத்தக் கலனில் ஈரச் சக்கையை 180 முதல் 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைக்க வேண்டும். பிரஷர் குக்கரைவிடப் பல மடங்கு அழுத்தம் இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது. சக்கை, கார்பன் செறிந்த கரியாக மாறும். அதிலிருந்து நீரைப் பிழிந்தெடுப்பது எளிது. பின்னர் உலர்த்தி, கட்டிகளாக்கிக் கொதிகலனில் எரிக்கலாம்.

பிழிந்த நீரில் கரிம அமிலங்களும் பீனால்களும் இருக்கும்; சுத்திகரிக்காமல் ஓடையில் விடக் கூடாது. புதிய கரியை வயலில் இட்டால் விதை முளைப்பு பாதிக்கலாம். உயர் அழுத்தம் என்பதால் இது வீட்டில் செய்யும் வேலையல்ல. ஆலை அளவில் செய்ய வேண்டியது.

விவசாயிகள் அன்றாடத் தேவைக்கு மட்டும் புதுச் சக்கை வாங்குங்கள். கெட்டுப்போனது கரிக்கலனுக்குப் போகட்டும். தீவனத் தொட்டிக்கு வேண்டாம்.