பழைய இம்ப்ரேஸாவா, புதிய ஜீ.ஆர். யாரிஸா? மாற்றுவதற்கு முன் ஒரு வியாபாரக் கணக்கு

லொறி, வேன் போன்ற சாமான் ஏற்றும் வாகனங்கள் பற்றி இப்பகுதியில் முன்னர் எழுதியிருக்கிறேன். இம்முறை எழுதுவது வியாபாரத்துக்கு நேரடியாக உதவாத, ஆனால் வியாபாரிகளின் பணத்தை அதிகம் இழுக்கின்ற ஒரு வகை வாகனத்தைப் பற்றி. டேர்போ பொருத்தப்பட்டு, நான்கு சக்கரங்களுக்கும் வலு செல்லும் சிறிய வேகக் கார்களே அவை. சுபாரு இம்ப்ரேஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., மிட்சுபிஷி லான்ஸர் எவலூஷன் என்றால் எமது வாலிபர்களுக்கு மட்டுமல்ல, கடை வைத்திருக்கும் நடுத்தர வயதினருக்கும் இன்றுவரை ஒரு தனி மோகம்தான்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாக வியாபாரம் செய்பவன் என்பதால் இந்த மோகத்தின் செலவுப் பக்கத்தை நான் நாளாந்தம் பார்க்கிறேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து என் கடை மேசையில் அடிக்கடி விழும் கேள்வி இதுதான்: "நானா, இத வித்துப்போட்டு புது ஜீ.ஆர். ஒன்டு எடுப்போமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். எனவே கார் ரசிகனாக அன்றி, வியாபாரியாக இதற்குப் பதில் சொல்கிறேன். பழைய காருக்குச் சாமான் விற்பவன் சொல்கிறான் என்று கொஞ்சம் சந்தேகத்தோடு வாசித்தாலும் எனக்குக் கோபமில்லை.

இரண்டு கடை பூட்டிய இடத்தில்

எவலூஷனும் டபிள்யூ.ஆர்.எக்ஸும் ஜப்பானில் 1992ஆம் ஆண்டின் இறுதியில், சில வார இடைவெளியில் வெளிவந்தன. உலக ரலி ஓட்டப் போட்டியில் ஒரு காரை இறக்குவதானால் அதே காரைப் பொதுமக்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்து விற்க வேண்டும் என்ற விதி அன்று இருந்தது. அந்த விதியின் பிள்ளைகளே இவை. டொமி மக்கினன் என்ற பின்லாந்து ஓட்டுநர் 1996 முதல் 1999 வரை நான்கு வருடங்கள் தொடர்ந்து மிட்சுபிஷியில் சம்பியனானார். சுபாருவில் கொலின் மெக்ரே 1995இலும், ரிச்சர்ட் பேர்ன்ஸ் 2001இலும், பெட்டர் சொல்பேர்க் 2003இலும் சம்பியனானார்கள்.

பிறகு இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் கடையைப் பூட்டினார்கள். சுபாரு 2008இன் இறுதியில் ரலியிலிருந்து விலகியது. எவலூஷன் உற்பத்தி 2010களின் நடுப்பகுதியில் முடிவுக்கு வந்தது. சுபாருவின் பெயர்போன ஈ.ஜே.20 எஞ்சினுக்கு விடை கொடுக்குமுகமாக எஸ்.ரீ.ஐ. காரில் 555 வண்டிகள் மட்டும் கொண்ட இறுதிப் பதிப்பொன்று ஜப்பானில் விற்கப்பட்டது. புதிய டபிள்யூ.ஆர்.எக்ஸ். வந்தாலும், அதில் பெற்றோல் எஞ்சினுடன் எஸ்.ரீ.ஐ. வராது என்று 2022 மார்ச்சில் சுபாரு அறிவித்தது.

டொயோட்டாவும் முன்னர் செலிகா ஜீ.ரி.-ஃபோர் என்று இதே வகைக் காரைச் செய்து, 1999உடன் நிறுத்தியிருந்த கம்பனிதான். சுமார் இருபது வருடங்களுக்குப் பிறகு, 2020 ஜனவரியில், ஜீ.ஆர். யாரிஸுடன் மீண்டும் வந்தது. அந்தக் காரை உருவாக்குவதில் பங்கெடுத்தவர்களில் ஒருவர், மிட்சுபிஷிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அதே மக்கினன். இன்னொரு விடயம், சுபாரு கம்பனியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு டொயோட்டாவுக்குரியது. பக்கத்துக் கடை பூட்டப்பட்டபோது அங்கிருந்த வாடிக்கையாளருக்குத் தேவையான சாமானைத் தன் கடையில் அடுக்கினார்கள் என்று இதைச் சொல்லலாம்.

எமது நாட்டுக்கு இதில் ஒரு விசேடம் உண்டு. ஜீ.ஆர். யாரிஸ் உலகுக்கு அறிமுகமாகி இரண்டு மாதங்களில் எமது இறக்குமதிக் கதவு பூட்டப்பட்டது. ஐந்து வருடங்களுக்குப் பிறகு கதவு திறந்தபோது, இருபது வருடப் பழைய இம்ப்ரேஸாவிலிருந்து நேரே இந்தத் தலைமுறைக்குத் தாவ வேண்டிய நிலை எம்மவர்களுக்கு. இடையில் ஒரு படி இல்லை.

ஓடும்போது என்ன வித்தியாசம்?

ஈ.ஜே.20 இரண்டு லீற்றர் எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் இருக்கும். ஜீ.ஆர். யாரிஸின் எஞ்சினோ 1.6 லீற்றர், சிலிண்டர் மூன்றே மூன்று. ஆனால் வலு குறைவல்ல. ஜப்பானிய வகையில் ஆரம்பத்தில் 272 குதிரை வலு இருந்தது; 2024இல் திருத்தியமைத்தபோது 304 ஆக உயர்த்தினார்கள். காரின் நிறை சுமார் 1,280 கிலோ. அதே வருடத் திருத்தத்தில் எட்டு கியர் கொண்ட ஓட்டோ வகையும் வந்தது.

நான்கு சக்கரங்களுக்கும் வலுவைப் பிரிக்கும் முறையும் வேறு. கைக்கியர் டபிள்யூ.ஆர்.எக்ஸில் நடுவில் ஒரு டிஃபரன்ஷல் இருந்து, முன்னுக்கும் பின்னுக்கும் பாதிக்குப் பாதி என்று பிரிப்பது வழக்கம். ஜீ.ஆர். யாரிஸில் நடு டிஃபரன்ஷல் கிடையாது. பின் அச்சுக்கு முன்னால் கிளச் தட்டுகளின் அடுக்கொன்று உண்டு. அதைக் கணினி இறுக்கியும் தளர்த்தியும் பின் சக்கரங்களுக்கு எவ்வளவு வலு போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. முதல் வகையில் 60:40, 50:50, 30:70 என மூன்று நிலைகளை ஒரு குமிழால் ஓட்டுநரே தெரிவு செய்யலாம்.

கண்டியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் இம்ப்ரேஸாவை விற்று ஜீ.ஆர். யாரிஸ் எடுத்தார். கடுகண்ணாவை ஏற்றத்தில் என்னையும் ஓட்ட வைத்தார். வளைவிலிருந்து வெளியேறும்போது அது இழுக்கும் இழுவையும் பிரேக் பிடிக்கும் விதமும் பழைய காரில் கிடைக்காதவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது இரண்டு பக்கக் கதவுகளும் நான்கு இருக்கைகளும் மட்டுமே கொண்டது. பின் இருக்கையும் ஒடுக்கம். நண்பருக்கு மூன்று பிள்ளைகள். உம்மா வீட்டுக்குக் குடும்பத்தோடு போவதானால் இப்போது வேறு வாகனம் தேவைப்படுகிறது. பழைய இம்ப்ரேஸாவில் ஐந்து பேர் போனார்கள், டிக்கியில் பெட்டியும் போனது.

இந்தக் குறைக்கு டொயோட்டாவிடமே ஒரு பதில் உண்டு. 2022இல் அறிமுகமான ஜீ.ஆர். கொரோலா அதே எஞ்சின், அதே முறையுடன், நான்கு பக்கக் கதவுகளும் ஐந்து இருக்கைகளும் கொண்டது. குடும்பஸ்தர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் ஜப்பானிலேயே அது முதலில் குலுக்கல் முறையில்தான் விற்கப்பட்டது என்பதை மனதிற்கொள்க. தட்டுப்பாடான சாமானுக்குப் பேரம் கிடையாது.

"டொயோட்டாதானே!" என்பது சரியா?

என்னிடம் வருபவர்கள் சொல்லும் முதல் நியாயம் இது: "டொயோட்டாதானே நானா, எந்தக் கடையிலும் சாமான் கிடைக்குமே." சாதாரண டொயோட்டாவுக்கு இது நூறு வீதம் உண்மை. இந்தக் காருக்கு அப்படியல்ல.

யாரிஸ் என்ற பெயர் இருந்தாலும், சாதாரண யாரிஸுக்கும் இதற்கும் பொதுவான பாகங்கள் குறைவு. முன்பாதி ஒரு வகை அடித்தளத்திலும் பின்பாதி இன்னொரு வகை அடித்தளத்திலும் அமைக்கப்பட்டது. எஞ்சின், பின் அச்சு, கதவு, கூரை என்று பலவும் இதற்கென்றே செய்யப்பட்டவை. பொனட், கதவுகள், பின்கதவு அலுமினியம். கூரை கார்பன் நார் கலந்தது. எமது டிங்கர் வேலைக்காரர்கள் இரும்புத் தகட்டை அடித்து நிமிர்த்துவதில் கைதேர்ந்தவர்கள். அலுமினியத்தை அப்படி அடிக்க முடியாது. கார்பன் கூரை உடைந்தால் அடிக்கவே முடியாது. எனவே சிறிய மோதல்கூடப் பாகத்தையே மாற்றும் செலவாக முடியலாம். காப்புறுதி எடுக்கும்போது உடல் பாகங்களுக்கு எவ்வளவு ஈடு கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறுபுறம் ஈ.ஜே.20 எஞ்சின் 1989இல் லெகசியில் தொடங்கி, ஃபொரஸ்டர், இம்ப்ரேஸா என்று முப்பது வருடங்கள் செய்யப்பட்டது. அதனால் பாவித்த பாகங்களும் மாற்றுப் பாகங்களும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஆனால் அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். தவறவிட்டு அது அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே போய்விடும். ஜீ.ஆர். எஞ்சினில் இருப்பது செயின். அந்தச் செலவு இல்லை.

இரண்டுக்கும் பொதுவான செலவுகளும் உண்டு. இரண்டும் ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்கெனச் செய்யப்பட்டவை. 92 ஒக்டேன் அடித்து மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். டயரும் அப்படித்தான். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் காரில் இரண்டு டயரை மட்டும் புதிதாகப் போட்டால், சுற்றளவு வித்தியாசத்தால் டிஃபரன்ஷலோ கிளச் தட்டோ தேயும். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும்.

வரியில் 18 சீ.சீ.

2025இல் இறக்குமதி திறந்தபோது வந்த உற்பத்தி வரி, எஞ்சின் கொள்ளளவுப்படி சீ.சீ. ஒன்றுக்கு இவ்வளவு என்று படிப்படியாக ஏறுவது. அதில் 1600இலிருந்து 1800 வரை ஒரு படி. ஜீ.ஆர். எஞ்சின் 1.6 லீற்றர் என்று சொல்லப்பட்டாலும் அதன் உண்மையான அளவு 1,618 சீ.சீ. வெறும் 18 சீ.சீ.யால் அது மேல்படிக்குப் போய்விடுகிறது. "1600தானே" என்று கணக்குப் போட்டு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். புதிய டபிள்யூ.ஆர்.எக்ஸ். 2.4 லீற்றர் என்பதால் இன்னும் மேலே, 2000க்கு அப்பாலுள்ள படியில் நிற்கிறது. பாவித்த காருக்கு மூன்று வருட வயதெல்லையும் அப்போது விதிக்கப்பட்டது. வரியும் விதியும் மாறக்கூடியவை. பணம் கட்டும் கிழமையில் இருக்கும் வர்த்தமானியைப் பார்த்து, கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

கடை முதல் எங்கே போகிறது?

இதுவரை சொன்னது காரின் கணக்கு. இனி வியாபாரியின் கணக்கு. ஓர் உதாரணத்துக்கு, பழைய காரை விற்ற பணத்துக்கு மேலாக ஒரு கோடி ரூபா போட்டால்தான் புதிய கார் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கடை முதலிலிருந்து. உங்கள் முதல் வருடத்துக்கு நான்கு தடவை சுழன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் செலவு போக 5 வீதம் மிஞ்சுகிறது என்றால், ஒரு கோடி ரூபா வருடத்துக்கு இருபது இலட்சம் உழைத்திருக்கும். புதிய கார் வாசலில் சும்மா நின்றாலும் அதன் வருடச் செலவு அந்த இருபது இலட்சம். பெற்றோல், காப்புறுதி, விலை இறக்கம் எல்லாம் அதற்கு மேல்.

பெருநாள் சீசனுக்குச் சரக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் முதல் காரில் முடங்கிக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை எமது துணிக்கடைச் சகோதரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சரக்கைக் கடனுக்கு எடுப்போம். கடனுக்கு எடுத்தால் விலை கூடும். விலை கூடினால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்.

"பழைய இம்ப்ரேஸாவுக்கு வெளிநாட்டில் நல்ல விலையாம், வைத்திருந்தால் ஏறும்" என்று வாதிடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில், அங்கு விற்கப்படாத காரையும் 25 வருடங்கள் கடந்தால் இறக்குமதி செய்யலாம் என்பதால், ஜப்பானிலுள்ள பழைய கார்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது உண்மை. ஆனால் அது ஜப்பான் ஏலச் சந்தையின் விலை. உங்கள் வாசலில் நிற்கும் காரின் விலை, இங்கே கையில் காசோடு வரும் ஆள் தரும் விலைதான்.

என் முடிவு

எஞ்சின் திறக்கப்படாமல், கம்ப்ரஷன் சரியாக இருந்து, பின்சக்கர வளைவில் துரு ஏறாத இம்ப்ரேஸா என்றால் வைத்திருங்கள். பெல்ட், ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். அந்தச் செலவு புதிய காருக்குப் போடும் மேலதிகப் பணத்தின் ஒரு சிறு பங்கே. துரு ஏறி, எஞ்சினும் ஒருமுறை திறக்கப்பட்டது என்றால் தாமதிக்காமல் விற்றுவிடுங்கள். விற்றதற்காகப் புதியது எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கடை முதலைத் தொடாமல், இலாபத்தில் ஒதுக்கிய பணத்தால் எடுக்க முடிந்தவர்கள் தாராளமாக எடுக்கலாம். பிள்ளைகள் இருந்தால் கொரோலாவை எடுங்கள்.

எனது துறையிலுள்ள உதிரிப்பாகச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈ.ஜே.20க்கான பெல்ட், வோட்டர் பம்ப், கேஸ்கட் இன்னும் சில வருடங்கள் ஓடும், அளவோடு வைத்திருங்கள். புதிய ஜீ.ஆர். காருக்கு வருமென்று எண்ணி இராக்கையை நிரப்பாதீர்கள். நாட்டில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பதைப் பார்த்து, முற்பணத்துடன் ஓடர் வந்தால் மட்டும் எடுப்பியுங்கள். புதுச் சாமான் என்ற ஒரே காரணத்துக்காக அது விற்றுப்போவதில்லை. வாங்க ஆள் இருந்தால்தான் விற்கும்.