வலுவானவர் மட்டும்தான் ஜெயிப்பாரா? சைக்கிள் உலகின் ‘சுறா’ நிபாலியின் கதை

ஞாயிறு அதிகாலையில் சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பைக் கடப்பவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு லைட் சகிதம் நாலைந்து சைக்கிள்கள் மேடவாக்கம் பக்கம் பறக்கும். பலருக்கு இலக்கு ஈசிஆர். வெயில் ஏறுவதற்குள் 50, 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டிபனுக்கு வீடு திரும்பிவிடுவார்கள்.

இதையே மூன்று வாரம், தினமும் 150 முதல் 200 கிலோமீட்டர், நடுவில் ஆல்ப்ஸ் மலையையும் ஏறி இறங்கி ஓட்டினால்? அதற்குப் பெயர்தான் ‘கிராண்ட் டூர்’. உலகத்தில் இப்படி மூன்று போட்டிகள்தான்: இத்தாலியின் ஜிரோ, பிரான்ஸின் டூர் டி பிரான்ஸ், ஸ்பெயினின் வுவல்டா. மூன்றையும் ஜெயித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2014-ல் அந்தப் பட்டியலில் ஆறாவதாகச் சேர்ந்த பெயர், வின்சென்சோ நிபாலி.

யார் இந்த நிபாலி?

1984 நவம்பர் 14-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா நடத்தியது ஒரு வீடியோ கடை. இத்தாலியின் சைக்கிள் பந்தயங்களும் அணிகளும் பெரும்பாலும் நாட்டின் வடக்கிலும் நடுப்பகுதியிலும்தான். அதனால் பதின்ம வயதிலேயே வீட்டை விட்டு டஸ்கனி பகுதிக்குப் போனார். 2005-ல் தொழில்முறை வீரர் ஆனார். கடலோர ஊர்க்காரர், சமயம் பார்த்துப் பாய்பவர் என்பதால் ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் ‘மெசினாவின் சுறா’.

முதல்ல ரூல்ஸைப் பார்த்துடலாம்

கிராண்ட் டூரில் மொத்தம் 21 கட்டங்கள். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் யாருடைய மொத்த நேரம் குறைவோ அவர்தான் சாம்பியன். ஒரு கட்டத்தில்கூட முதலிடம் பிடிக்காமல் பட்டம் வெல்லலாம். ஒரே ஒரு நாள் சறுக்கி எல்லாவற்றையும் இழக்கவும் செய்யலாம்.

இது தனிநபர் ஆட்டம் போலத் தெரிந்தாலும் உண்மையில் டீம் கேம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவருக்குப் பின்னால் ஒட்டி வருபவருக்கு மிதிக்கும் சுமை கணிசமாகக் குறையும். பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புரியும் (ட்ரை பண்ண வேண்டாம்!). அதனால்தான் அணியின் மற்ற வீரர்கள் தலைவருக்குக் காற்றை மறைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, கடைசி மலை வரை அவரைக் காப்பாற்றுவார்கள்.

நிபாலியிடம் என்ன ஸ்பெஷல்?

அவர் காலத்தில் மலை ஏறுவதில் அவரைவிடப் பலசாலிகள் இருந்தார்கள். ஸ்பெயினின் கான்டடோர், பிரிட்டனின் ஃப்ரூம் இருவரும் அப்படிப்பட்டவர்கள். நிபாலியின் பலம், மற்றவர்கள் பிரேக் பிடிக்கும் இடங்களில் இருந்தது: வளைவான இறக்கம், மழை, கரடுமுரடான ரோடு.

2014 டூர் டி பிரான்ஸின் ஐந்தாவது கட்டம் இதற்குச் சரியான உதாரணம். வடக்கு பிரான்ஸில் கருங்கல் பாவிய ரோடு, அதுவும் கொட்டும் மழையில். நடப்புச் சாம்பியன் ஃப்ரூம் கீழே விழுந்து போட்டியை விட்டே வெளியேறினார். மலை வீரர்கள் பயந்த அந்த ரோட்டில் நிபாலி மூன்றாவதாக வந்து, கான்டடோரைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேல் முன்னிலை எடுத்தார். பத்தாவது கட்டத்தில் கான்டடோரும் விழுந்து விலகினார்.

‘போட்டியாளர்கள் விழுந்ததால் கிடைத்த அதிர்ஷ்டம்’ என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அதே ரோடு, அதே மழை அவருக்கும்தானே? அந்த டூரில் நான்கு கட்டங்களை ஜெயித்து, 7 நிமிடம் 37 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். 1998-ல் மார்கோ பன்டானிக்குப் பிறகு டூரை வென்ற முதல் இத்தாலியர் அவர்தான்.

கறையே இல்லையா?

2015 வுவல்டாவில், விழுந்து பின்தங்கியபோது அணியின் காரைப் பிடித்துக்கொண்டு முன்னேறியது கேமராவில் பதிவாக, அவரைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அவர் இருந்த அஸ்தானா அணியில் சிலர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்க, அணியின் உரிமமே கேள்விக்குள்ளானது.

விழுந்ததும் அதிகம்

2016 ஜிரோவில் கடைசி மூன்று கட்டங்களே மிச்சம். நிபாலி நான்காவது இடத்தில், முதலிடத்தைவிட 4 நிமிடம் 43 விநாடி பின்னால். எல்லோரும் கைவிட்ட நிலை. அடுத்த நாள் பனி மூடிய மலை இறக்கத்தில், முதலிடத்தில் இருந்த க்ரைஸ்வைக் பனிச்சுவரில் மோதி விழுந்தார். நிபாலி அந்தக் கட்டத்தை ஜெயித்தார். மறுநாள் மலைகளில் எஸ்டெபான் சாவேஸையும் முந்தி, 52 விநாடி வித்தியாசத்தில் இரண்டாவது முறையாக ஜிரோவைக் கைப்பற்றினார்.

ஆனால் இறக்கம் எப்போதும் அவர் பக்கம் நிற்கவில்லை. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தவர், கடைசி இறக்கத்தில் விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டார். பதக்கக் கனவு அங்கேயே முடிந்தது.

2018 மார்ச்சில் மிலான்-சான்ரெமோ. ஒரே நாளில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட தாம்பரத்திலிருந்து திருச்சி. கடைசிக் குன்றில் தனியாகப் பாய்ந்து, துரத்திய வேக வீரர்களை நூலிழையில் ஏமாற்றி ஜெயித்தார். அதே ஆண்டு டூரில், 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஆல்ப் டுவெஸ் மலையில் ரசிகர் ஒருவரின் கேமரா பட்டையில் சிக்கி விழுந்தார். எழுந்து ஓட்டி ஏழாவதாக முடித்தார். முதுகெலும்பில் முறிவு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2022 மே மாதம் ஜிரோ தன் சொந்த ஊரான மெசினாவுக்கு வந்த நாளில் ஓய்வை அறிவித்தார். 37 வயதிலும் அந்த ஜிரோவில் நான்காவது இடம்! இருமுறை வென்ற லொம்பார்டியா பந்தயத்தில், 2022 அக்டோபரில் கடைசியாக ஓட்டினார்.

நமக்கு இதில் என்ன?

2016 ஜிரோவின் அந்தக் கட்டத்தை ஜெயித்ததும் நிபாலி கதறி அழுதார். அந்த வெற்றியை ஒரு 14 வயதுச் சிறுவனுக்கு அர்ப்பணித்தார். மெசினாவில் தன் பெயரில் இயங்கிய இளையோர் அணியில் இருந்த பையன். அந்த ஆண்டு பயிற்சியின்போது லாரி மோதி இறந்துபோனவன்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் நிபாலிக்கு ரோட்டை முழுசாக மூடிக் கொடுத்தார்கள். பயிற்சிக்குப் போன பையனுக்கும், வேளச்சேரி மெயின் ரோட்டில் தண்ணி லாரிக்கும் மாநகரப் பஸ்ஸுக்கும் நடுவே மிதிப்பவருக்கும் அந்த வசதி இல்லை. 2016 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் நவீன் ஜான், அரவிந்த் பன்வார் போன்ற இந்தியர்கள் ஓட்டியிருக்கிறார்கள். அவர்களைப் போல இன்னும் பலர் வர, முதலில் தேவை விலை உயர்ந்த கார்பன் சைக்கிள் அல்ல. பயிற்சிக்குப் போன பிள்ளை பத்திரமாக வீடு திரும்பும் ரோடு.