இந்திய வான்படைத் தலைமையகம்

இந்திய வான்படைத் தலைமையகம் என்பது இந்திய வான்படையின் உச்ச நிர்வாக, திட்டமிடல் மையமாகும். இது புது தில்லி ரஃபி மார்க் சாலையில் உள்ள வாயு பவனில் அமைந்துள்ளது. வான்படைத் தலைமைத் தளபதியும் அவருக்கு உதவும் முதன்மைப் பணி அதிகாரிகளும் இங்கிருந்து செயல்படுகின்றனர். நாட்டின் முப்படைகளுக்கும் குடியரசுத் தலைவரே உச்சத் தளபதி ஆவார். வான்படை நடைமுறையில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

வரலாறு

இந்திய வான்படை 1932 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்டது. விடுதலைக்கு முன்பு இந்தியாவிலிருந்த தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றும் ஒரே தலைமைத் தளபதியின் கீழ் இருந்தன. 1947 ஆகத்து 15 முதல் வான்படைக்குத் தனித் தலைமை ஏற்பட்டது. பிரித்தானிய அதிகாரி தாமஸ் எல்ம்ஹர்ஸ்ட் முதல் தளபதியானார். 1954 ஏப்ரல் 1 அன்று சுப்ரதோ முகர்ஜி இப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார்.

1955 இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் மூன்று படைத் தலைவர்களின் பதவிப் பெயர்களும் மாற்றப்பட்டன. அதுவரை 'கமாண்டர்-இன்-சீஃப்' எனப்பட்ட பதவி 'சீஃப் ஆஃப் தி ஏர் ஸ்டாஃப்' ஆனது. புதிய பெயர் பணி அதிகாரிகளின் தலைவர் என்றே பொருள்படும். எனினும் படைக்குக் கட்டளையிடும் அதிகாரம் அவரிடமே தொடர்கிறது. 1966 இல் இப்பதவி ஏர் சீஃப் மார்ஷல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. அத்தரத்தைப் பெற்ற முதல் தளபதி அர்ஜன் சிங்.

இருவகை அதிகாரம்

வான்படையின் அமைப்பைப் புரிந்துகொள்ள, கட்டளை அதிகாரிக்கும் பணி அதிகாரிக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது அவசியம். ஒரு தளத்துக்கோ ஸ்குவாட்ரனுக்கோ பொறுப்பேற்று அதற்கு ஆணையிடுபவர் கட்டளை அதிகாரி. தலைமையகத்தில் அமர்ந்து திட்டம் தீட்டுதல், வளங்களை ஒதுக்குதல், விதிகளை வகுத்தல் ஆகியவற்றைச் செய்பவர் பணி அதிகாரி. பணி அதிகாரி எவ்வளவு உயர்ந்த தரத்தில் இருந்தாலும் தம் பெயரில் ஆணையிடுவதில்லை. தலைமைத் தளபதியின் சார்பிலேயே செயல்படுகிறார். பல துறைகள் ஒரே ஸ்குவாட்ரனுக்கு வெவ்வேறு ஆணைகளை அனுப்பிக் குழப்பம் விளைவிப்பதை இம்முறை தடுக்கிறது.

முதன்மைப் பணி அதிகாரிகள்

தலைமைத் தளபதி 3 ஆண்டுகள் அல்லது 62 வயது வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, பதவி வகிப்பார். அவருக்கு அடுத்த நிலையில் ஏர் மார்ஷல் தரத்தில் பின்வரும் முக்கிய அதிகாரிகள் உள்ளனர்.

- துணைத் தலைமைத் தளபதி: தலைமைத் தளபதிக்கு அடுத்தவர். வான் நடவடிக்கைகள் தொடர்பான பிரிவுகள் இவர் பொறுப்பில் வருகின்றன.
- உதவித் தலைமைத் தளபதி: எதிர்காலத் திட்டங்கள், புதிய வானூர்திகள் மற்றும் கருவிகளின் கொள்முதல்.
- பராமரிப்புப் பொறுப்பதிகாரி: பொறியியல், உதிரிப் பாகங்கள், தளவாட வழங்கல்.
- பணியாளர் பொறுப்பதிகாரி: அதிகாரிகள், வான்படை வீரர்களின் பணியமர்த்தல், பதவி உயர்வு.
- நிர்வாகப் பொறுப்பதிகாரி: கணக்கு, கட்டுமானம், நலப்பணிகள்.
- ஆய்வு மற்றும் பறப்புப் பாதுகாப்புத் தலைமை இயக்குநர்: படைப்பிரிவுகளின் ஆயத்தநிலை ஆய்வு, விபத்துத் தடுப்பு.

பறப்புப் பாதுகாப்பு தனி அதிகாரியிடம் இருப்பது முக்கியமானது. அதிக மணிநேரம் பறக்க வேண்டும் என்ற நெருக்கடி நடவடிக்கைப் பிரிவுக்கு எப்போதும் உண்டு. விபத்தின் காரணத்தைத் தேடும் பொறுப்பும் அதே பிரிவிடம் இருந்தால், தன் குறையைத் தானே மதிப்பிடும் நிலை ஏற்படும்.

இவர்களுக்குக் கீழே ஏர் வைஸ் மார்ஷல் தரத்தில் துறைத் தலைவர்களும், ஏர் கமடோர் தரத்தில் முதன்மை இயக்குநர்களும், குரூப் கேப்டன் தரத்தில் இயக்குநர்களும் பணியாற்றுகின்றனர்.

துறைகள் இணைந்து செயல்படும் விதம்

ரஃபால் போர் வானூர்திகள் இதற்கு எடுத்துக்காட்டு. 36 வானூர்திகளுக்காக பிரான்சுடன் பேசிய இந்தியக் குழுவுக்கு உதவித் தலைமைத் தளபதி தலைமை தாங்கினார். 2016 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் வாங்குவதோடு வேலை முடிவதில்லை. வானோடிகளையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் தேர்ந்தெடுத்தல், உதிரிப் பாகங்களுக்கு ஏற்பாடு செய்தல், தளங்களில் கொட்டகைகள் கட்டுதல் என ஒவ்வொன்றும் வெவ்வேறு துறையின் கைக்குச் செல்லும். இவற்றில் ஒன்று பின்தங்கினாலும் புதிய வானூர்தி தரையிலேயே நிற்க நேரும். 2020 சூலையில் முதல் ரஃபால்கள் அம்பாலா தளத்தில் இறங்கின.

கட்டளையகங்கள்

தலைமையகத்தின் கீழ் 7 கட்டளையகங்கள் உள்ளன. மேற்கு (புது தில்லி), தென்மேற்கு (காந்திநகர்), மத்திய (பிரயாக்ராஜ்), கிழக்கு (சில்லாங்), தெற்கு (திருவனந்தபுரம்) ஆகிய ஐந்தும் போர் நடவடிக்கைகளுக்கானவை. பயிற்சிக் கட்டளையகம் பெங்களூரிலும் பராமரிப்புக் கட்டளையகம் நாக்பூரிலும் உள்ளன. தமிழ்நாட்டின் சூலூர், தஞ்சாவூர் தளங்கள் தெற்குக் கட்டளையகத்தைச் சேர்ந்தவை.

1999 கார்கில் போரில் இந்த அடுக்குமுறை வெளிப்பட்டது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையுடன் அரசு வான்படைக்கு அனுமதி அளித்தது. தலைமையகம் அதை ஏற்றுத் திட்டம் வகுக்க, மேற்குக் கட்டளையகம் தாக்குதலை நடத்தியது. மே 26 அன்று தாக்குதல் தொடங்கியது. அடுத்த இரு நாட்களில் இரு மிக் வானூர்திகளும் ஒரு மி-17 உலங்கு வானூர்தியும் இழக்கப்பட்டன. அதன்பின் ஆயுதம் ஏந்திய மி-17கள் தாக்குதலிலிருந்து விலக்கப்பட்டன. மிராஜ் 2000 வானூர்திகள் லேசர் வழிகாட்டு குண்டுகளுடன் களமிறக்கப்பட்டு, சூன் 24 அன்று டைகர் மலையைத் தாக்கின.

முப்படை ஒருங்கிணைப்பு

கார்கில் போருக்குப் பின் 2001 இல் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணியாளர் தலைமையகம் அமைக்கப்பட்டது. 2020 சனவரியில் முப்படைத் தலைமைத் தளபதி பதவி நடைமுறைக்கு வந்தது. இப்பதவி வகிப்பவர் அரசின் முதன்மை இராணுவ ஆலோசகர். படைத் தலைவர்கள் மீது அவருக்குக் கட்டளை அதிகாரம் அளிக்கப்படவில்லை. முப்படைகளுக்கும் பொதுவான கட்டளையகங்களை அமைப்பது பற்றிய விவாதத்தில், குறைந்த எண்ணிக்கையிலுள்ள போர் வானூர்திகளைப் பல கட்டளையகங்களுக்குப் பிரித்தளிப்பதா, ஒரே தலைமையின் கீழ் வைத்திருப்பதா என்பதே வான்படையைப் பொறுத்தவரை முக்கியக் கேள்வியாக இருந்து வந்துள்ளது.