முட்டையின்றி எழும்பும் எலுமிச்சை மஃபின்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ஒரு தோழி இருக்கிறாள். முட்டையோ பாலோ சிறிதளவு உள்ளே போனாலும் அந்தப் பெண்ணுக்கு உடம்பெங்கும் தடித்துவிடும், மூச்சும் திணறும். வகுப்பில் யாருடைய பிறந்தநாள் ஆனாலும் மற்றவர்கள் கேக் சாப்பிட, அவள் மட்டும் கையில் ஒரு மிட்டாயை வைத்துக்கொண்டு நிற்பாளாம். "இந்த வருஷம் அவள் பிறந்தநாளுக்கு நானே கேக் செய்யப்போகிறேன். முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. ஆனால் பஞ்சு மாதிரி இருக்கணும். முடியுமா அப்பா?" என்று கேட்டாள். நான் இயற்பியல் ஆசிரியன்; சமையல்காரன் அல்லன். இருந்தும் முடியும் என்று சொல்லிவிட்டேன். பிறகு இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைதான் வெற்றி பெற்றோம். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன். அதில் உங்கள் பாடப்புத்தகத்து வாயு விதிகள் எல்லாம் வருகின்றன.

மஃபின் என்பது சிறு காகிதக் கிண்ணங்களில் தனித்தனியாக வேகவைக்கப்படும் கேக். நம் வழக்கில் சைவம் என்றால் பாலும் தயிரும் அதில் அடங்கும். விலங்குகளிடமிருந்து பெறும் எதையுமே சேர்க்காத உணவுக்கு வீகன் என்று பெயர். இச்சொல்லை இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் 1944-இல் உருவாக்கினர். ஆனால் முட்டையில்லாத பலகாரத்திற்கான தேடல் அதற்கும் மிக முந்தியது. பர்மிங்ஹாம் நகரில் மருந்து வணிகராக இருந்த ஆல்பிரட் பேர்டு என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. மனைவிக்காக அவர் 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டு தூளையும், 1843-இல் ஈஸ்ட் தேவைப்படாத பேக்கிங் பவுடரையும் செய்தார். என் மகளின் தோழிக்கு நேர்ந்த அதே தொல்லைதான், பாருங்கள்!

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு இது: மைதா 200 கிராம், சர்க்கரை 120 கிராம், எண்ணெய் 75 மி.லி., தண்ணீர் 170 மி.லி., எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு பழங்களின் தோல் துருவல், சமையல் சோடா 2 கிராமுக்குச் சற்று அதிகம் (அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு), ஒரு சிட்டிகை உப்பு. சமையல் சோடா என்பது நம் வீடுகளில் ஆப்ப சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் அதனோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு மாவை உப்பச் செய்கிறது. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததே.

முதல் முறை மாவைக் கலந்து முடித்ததும் மின்சாரம் போய்விட்டது. நாற்பது நிமிடம் கழித்து வந்தது. அதே மாவைக் கிண்ணங்களில் ஊற்றி ஓவனில் வைத்தோம். வெளியே வந்தவை கொழுக்கட்டைக்கும் பணியாரத்துக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. அமிலமும் சோடாவும் சந்தித்த கணமே வினை தொடங்கிவிடும், சூட்டுக்காகக் காத்திருக்காது. நாற்பது நிமிடத்தில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே மிதந்து வந்து உடைந்துபோயின. கடையில் விற்கும் பேக்கிங் பவுடரில் பெரும்பாலும் சூடேறிய பிறகே வேலை செய்யும் மந்தமான அமிலம் ஒன்றும் கலந்திருக்கும். அதற்கு இவ்வளவு அவசரம் இல்லை. எலுமிச்சையை நம்பினால் ஓவனை முதலில் சூடாக்கிவிட்டுப் பிறகுதான் மாவைக் கலக்க வேண்டும்.

இரண்டாம் முறை வீட்டில் எலுமிச்சை தீர்ந்திருந்தது. "ஆரஞ்சும் புளிப்புதானே?" என்று என் மகள் அதே இரண்டு மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாற்றை ஊற்றிவிட்டாள். மஃபின் நன்றாகவே எழும்பியது. வாயில் வைத்தால் சோப்பைக் கடித்தது போலிருந்தது! நிறமும் வழக்கத்தைவிடக் கறுத்திருந்தது. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 84 கிராம் சோடியம் பைகார்பனேட் ஒரு மோல். ஒரு மோல் சிட்ரிக் அமிலம், அதாவது 192 கிராம், மூன்று மோல் சோடாவை நடுநிலையாக்கும். நம்மிடம் உள்ள சோடா 2.1 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது மோலில் நாற்பதில் ஒரு பங்கு. அதற்கு 1.6 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் 100 மி.லி.க்கு 5 கிராம் அளவில் இந்த அமிலம் உண்டு. ஆகவே 32 மி.லி. சாறு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, சரியாகப் போதும். ஆரஞ்சுச் சாற்றிலோ அமிலம் ஏறத்தாழ 1 கிராம்தான். அதே வேலையைச் செய்ய 160 மி.லி. தேவை! நாங்கள் ஊற்றியது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சிய சோடா சூட்டில் தானாகவே சிதைந்து கொஞ்சம் வாயுவைக் கொடுத்தது. அதனால் மஃபின் எழும்பியது. ஆனால் பின்னே விட்டுச் சென்றது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா! சோப்புச் சுவை அதனுடையது. காரம் மிகுந்தால் பலகாரம் விரைவில் சிவந்து கறுப்பதும் இயல்பு. என் மகள் விடவில்லை. அந்த மஃபின் துண்டை நனைத்து மஞ்சள் தூளைத் தூவினாள். சிவப்புப் புள்ளிகள் தோன்றின. குங்குமம் செய்பவர்கள் மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்ப்பது எதற்கு என்பதும் அன்று அவளுக்கு விளங்கியது.

ஆரஞ்சில் செய்ய விரும்புவோர் 170 மி.லி. தண்ணீருக்குப் பதிலாகவும் ஆரஞ்சுச் சாற்றையே ஊற்றிவிடலாம், கணக்கு நேராகிவிடும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். நாற்பதில் ஒரு பங்கு மோல் கரியமில வாயு, 27° செல்சியஸில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், 615 மி.லி. இடத்தை அடைக்கும். மஃபினின் உட்புறம் 90° செல்சியஸுக்குச் சூடேறும்போது இது எவ்வளவாகும்? சார்லஸ் விதிப்படி 615-ஐ 363-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 744 மி.லி. வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுவார்கள். விடை தவறு!

குமிழியைச் சுற்றி இருப்பது ஈர மாவு. ஆகவே குமிழிக்குள் கரியமில வாயு தனித்திருக்க முடியாது, நீராவியும் புகுந்துகொள்ளும். 90° செல்சியஸில் நீரின் ஆவி அழுத்தம் 526 மி.மீ. பாதரசம். வெளியே உள்ள வளிமண்டலம் 760 மி.மீ. டால்டனின் பகுதி அழுத்த விதியை நினைவுகூருங்கள். மொத்த அழுத்தத்தில் 526 மி.மீ.ஐ நீராவியே தாங்கிக்கொள்வதால், கரியமில வாயு தாங்க வேண்டியது 234 மி.மீ. மட்டுமே. அழுத்தம் அந்த அளவுக்குக் குறைய, பாயில் விதிப்படி அது விரிந்துகொடுக்கிறது. இப்போது கணக்கு: 744-ஐ 760-ஆல் பெருக்கி 234-ஆல் வகுக்கவும். சுமார் 2,400 மி.லி.! சர்க்கரை கரைந்த நீரில் ஆவி அழுத்தம் சற்றுக் குறையும்; அதை இங்கே விட்டுவிட்டோம். 95° செல்சியஸில் நீரின் ஆவி அழுத்தம் 634 மி.மீ. அதற்கும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ நாலரை லிட்டர் வரும். மஃபினைத் தூக்கும் வேலையில் பெரும்பங்கு சோடாவினுடையது அன்று, தண்ணீரினுடையது.

சரி, இவ்வளவு வாயு மஃபினுக்குள் இருக்கிறதா? அளந்தோம். வெந்த மஃபினின் கனஅளவை நீரில் மூழ்கடித்து அளக்க முடியாது; ஊறிவிடும். ரொட்டித் தொழிலில் சிறு விதைகளில் புதைத்து அளப்பார்கள். நாங்கள் கேழ்வரகைப் பயன்படுத்தினோம். 480 மி.லி. மாவு வெந்தபின் சுமார் 900 மி.லி. ஆகியிருந்தது. ஆக, உள்ளே தங்கியது 420 மி.லி. வாயுதான். உண்டாகக்கூடிய 2,400-இல் ஆறில் ஒரு பங்கு அளவு! வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பிடித்து வைப்பதில்தான் சிக்கல். முட்டை அங்கேதான் உதவுகிறது. அதன் புரதங்கள் குமிழியின் மேற்பரப்பில் படர்ந்து தோல் போல் காக்கின்றன. 60° செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கிச் சுவராகிவிடுகின்றன.

முட்டை இல்லாதபோது அந்த வேலையை மைதாவே செய்ய வேண்டும். மைதாவிலுள்ள ஸ்டார்ச் மணிகள் சூட்டில் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகி இறுகும். நம் இட்லியில் முட்டை ஏது? அரிசி ஸ்டார்ச் வெந்து இறுகித்தான் குமிழிகளைத் தாங்குகிறது. ஆனால் இட்லியில் சர்க்கரை இல்லை. நீர் தாராளமாக இருந்தால் கோதுமை ஸ்டார்ச் 60° செல்சியஸை ஒட்டியே கூழாகிவிடும். சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால், இனிப்பு மாவில் இது 80° செல்சியஸுக்கும் மேலே தள்ளிப்போகிறது. அதற்குள் குமிழிகள் ஊதிப் பெருத்து, பல உடைந்தும் விடுகின்றன. ஆகவே முட்டையில்லாத மஃபினில் சர்க்கரையை மேலும் கூட்டுவது ஆபத்து. நடுவில் குழி விழும். என் மனைவி இதை முன்பே சொன்னார், ஆவி அழுத்த அட்டவணை எதையும் பார்க்காமலே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓவனுக்குள் புதிய குமிழி பிறப்பது மிக அரிது. குமிழியின் ஆரம் சிறுக்கச் சிறுக்க, பரப்பு இழுவிசையால் உள்ளே தேவைப்படும் மிகை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆரம் ஒரு மைக்ரான் என்றால் அது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். ஆகவே கரியமில வாயு புதிதாகக் குமிழி கட்டுவதில்லை. கலக்கும்போது நாம் அடைத்த சிறு காற்றுக் குமிழிகளுக்குள் போய்ச் சேர்ந்து அவற்றை ஊதுகிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது காற்றை அடைக்கத்தான். எண்ணெய் அப்படிக் காற்றைப் பிடிக்காது. எனவே சர்க்கரை, எண்ணெய், தண்ணீர் மூன்றையும் முள்கரண்டியால் நன்றாக அடித்துவிட்டு, சோடா கலந்த மைதாவையும் எலுமிச்சைச் சாற்றையும் கடைசியில் சேர்க்கவும். மைதா சேர்ந்தபின் அதிகம் கிண்டினால் குளூட்டன் வலுத்து, மஃபின் ரப்பர் போலாகும். உலர்மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். கொண்டைக்கடலை வேகவைத்த நீரும் முட்டைவெள்ளை போல் நுரைக்கும் என்பதைப் பிரான்ஸில் ஜோயல் ரோசெல் 2014-இல் கண்டறிந்தார். மஃபினுக்கு அது தேவைப்படவில்லை.

மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாறு புளிப்பைத் தரும். எலுமிச்சை மணம் தோலின் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெயில் மிகுதியாக உள்ள லிமோனின் 176° செல்சியஸில்தான் கொதிக்கும். ஆனால் நீராவியோடு சேர்ந்து அதற்கு மிகக் கீழேயே ஆவியாகிவிடும். இதுதான் நீராவி வடித்தல். மஃபின் வேகும்போது தெருவரை மணத்தால், அவ்வளவும் மஃபினிலிருந்து தப்பியோடிய மணம் என்று கொள்க! துருவலை எண்ணெயோடு முதலிலேயே கலந்தால் ஓரளவு தங்கும். மஞ்சள் தோலை மட்டும் துருவவும். அடியிலுள்ள வெண்பகுதி கசக்கும்.

மூன்றாம் முறை 180° செல்சியஸில் இருபது நிமிடம் வைத்தோம். இடையில் ஓவன் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் சூடு இறங்கும். குமிழிகளிலுள்ள நீராவி சுருங்கும். இறுகாத சுவர்கள் அமிழ்ந்துவிடும். இறுகிய பிறகு அந்தப் பயமில்லை. அப்போது குமிழிச் சுவர்களில் விரிசல் விழுந்து ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், ஆறும்போது வெளிக்காற்று உள்ளே புகுந்து இடத்தை நிரப்பும். பாத்திரங்கள், அச்சுகள், கரண்டிகள் அனைத்தையும் அன்று புதிதாகத் தேய்த்துக் கழுவினோம். ஒவ்வாமை உள்ளவருக்குப் பழைய கேக்கின் பிசுக்குக்கூட ஆகாது. பயன்படுத்திய பொருள்களையெல்லாம் எழுதி அந்தப் பெண்ணின் அம்மாவிடம் முன்னதாகவே காட்டிச் சம்மதம் பெற்றோம்.

அந்தப் பெண் இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்கிள், எல்லாமே உச்சியில் வெடித்திருக்கிறதே, ஏன்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஓரமும் மேல்தோலும் முதலில் காய்ந்து இறுகிவிடுகின்றன. நடுப்பகுதி அப்போதும் இளகிய மாவாகவே இருக்கிறது. அங்கே ஆவி அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் விரிய இடமில்லாததால், கடைசியாக இறுகும் இடத்தை, அதாவது உச்சியின் நடுவை, பிளந்துகொண்டு மாவு மேலே வருகிறது. அவள் கையிலிருந்த மஃபினில் அந்தப் பிளவு மூன்று கிளையாகப் பிரிந்திருந்தது.