ஸ்ரீ பிரஜ்னேஷும் கீழ்ப்படிப் பந்தயங்களும்

சென்னை டென்னிஸ் வீரர் ஸ்ரீ பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2024 நவம்பரில் பந்தயங்களினின்று விலகியபோது, நமது தேசாபிமானிகளில் எத்தனை பேர் அதைக் கவனித்தனர்? 2019 ஏப்ரலில் உலக வரிசையில் 75-ஆம் ஸ்தானத்தை எய்தியவர் அவர். அவ்வருஷம் நான்கு பெரும் பந்தயங்களிலும் பிரதானச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றார் என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

அந்த ஸ்தானத்தை அடைந்தபோது அவருக்கு வயது 29. முழங்காற் காயங்களால் பல வருஷங்கள் வீணாயின. பியூச்சர்ஸ் என்னும் அடிமட்டப் பந்தயங்கள், அப்பால் சாலஞ்சர் பந்தயங்கள் என்று தேசம் தேசமாய் அலைந்து, 2018-ல் சீனத்து ஆனிங்கிலும் பின்னர் பெங்களூரிலும் சாலஞ்சர் பட்டம் பெற்ற பிறகே பெயர் வெளிவந்தது. அடிமட்டப் பந்தயத்தில் மொத்தப் பரிசே 15,000 டாலராயிருக்கும். அதை ஆட்டக்காரர் பலரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2019 ஆஸ்திரேலியப் பந்தயத்திலோ, முதற் சுற்றில் தோற்ற ஒருவருக்கே 75,000 ஆஸ்திரேலிய டாலர்! இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வருஷங்களின் பிரயாணச் செலவை யார் கொடுப்பது? பெரும்பாலும் தகப்பனார்தாம்.

வேப்பம்பட்டில் ரயிலேறி வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் மகன் என் செய்வான்? 2017 வரை சென்னையில் நடந்த ஏ.டி.பி. பந்தயம் புனாவுக்குப் போயிற்று. அதற்கு வருந்தினோர் பலர். நாம் கேட்பது அத்தகைய திருவிழாவன்று. அடிமட்டப் பந்தயங்கள் நம் ஜில்லாக்களிலேயே அடிக்கடி நடந்தால், கடல் கடவாமலே நம் பிள்ளைகள் புள்ளிகள் ஈட்டலாம். நுங்கம்பாக்கத்து மைதானத்தில் வருஷத்துக்கு எத்தனை வாரங்களை இதற்கென ஒதுக்குவதாக உத்தேசம் என்பதைச் சர்க்கார் வெளியிடட்டும்.