பட்டாணியும் பறக்கும் தட்டும்

இன்று இரவு நிலா தெரிந்தால் ஒரு காய்ந்த பட்டாணியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கையை முழுதாக நீட்டிப் பட்டாணியை நிலாவுக்கு நேரே பிடியுங்கள். நிலா முழுவதும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்! நிலாவின் குறுக்களவு 3,476 கிலோமீட்டர். பட்டாணியோ ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. நிலா 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால்தான் இந்தச் சின்னப் பட்டாணி அதை மறைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், அமெரிக்க விமானப்படையை இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்த ஒரு புதிரை நீங்களும் கூடவே இருந்து ஆராயலாம்.

அந்தப் புதிர் 1947 ஜூன் 24 அன்று தொடங்கியது. கென்னத் அர்னால்டு என்பவர் தீயணைப்புக் கருவிகள் விற்பவர். சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருந்தார். அன்று பிற்பகல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பனி மூடிய ரெய்னியர் மலைப் பக்கம் பறந்துகொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் விழுந்து காணாமல் போயிருந்த ஒரு ராணுவ விமானத்தைத் தேடுவது அவர் எண்ணம். அப்போது பளீர் என்று ஒரு வெளிச்சம். திரும்பிப் பார்த்தால், ஒன்பது பொருள்கள் வரிசையாகப் பறந்துபோகின்றன! அவற்றின் அசைவைப் பின்னர் செய்தியாளர்களிடம் அவர் இப்படி விளக்கினார்: குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, ஒரு தட்டை வீசினாலும் அப்படித்தானே போகும், அதுபோல. அவர் சொன்னது அசைவை. நாளிதழ்கள் அதை உருவமாக எடுத்துக்கொண்டு ‘பறக்கும் தட்டு’ என்று அச்சிட்டுவிட்டன. சில நாட்களில் நாடெங்கும் மக்கள் பறக்கும் தட்டுகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அர்னால்டு கவனமான மனிதர். அந்தப் பொருள்கள் ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று விமானத்தில் இருந்த கடிகாரத்தில் பார்த்துக்கொண்டார். 1 நிமிடம் 42 நொடி. இரண்டு மலைகளுக்கும் இடையே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 75 கிலோமீட்டரை 102 நொடியில் கடந்தால், மணிக்குச் சுமார் 2,650 கிலோமீட்டர் வேகம். ஒலியைப்போல இரண்டு மடங்கு! அன்றுவரை எந்த விமானியும் நேராகப் பறந்து ஒலியின் வேகத்தை எட்டியதில்லை. சக் யேகர் அதை முதன்முதலில் தாண்டியதே நான்கு மாதம் கழித்து, 1947 அக்டோபர் 14 அன்றுதான்.

இந்தக் கணக்கில் கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் எந்தக் கணக்கும் ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கும். அந்தப் பொருள்கள் மலைகளை ஒட்டி, தன்னிடமிருந்து 35 கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்தன என்பது அர்னால்டின் நம்பிக்கை. அவை அதில் பத்தில் ஒரு பங்கு தூரத்தில்தான் பறந்தன என்றால் வேகமும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி 265 கிலோமீட்டர் ஆகிவிடும். அது சாதாரண விமானத்தின் வேகம். இன்னும் பக்கத்தில் என்றால் பறவைக் கூட்டத்தின் வேகம்தான். அவை ஒரு சிகரத்துக்குப் பின்னால் போய் வந்ததைப் பார்த்தேன் என்று அர்னால்டு சொன்னார். அது உண்மையானால் தூரம் பற்றிய நல்ல சாட்சி அது. ஆனால் அதைச் சரிபார்க்க இன்னொருவர் அங்கே இல்லை. அவர் பார்த்தது என்ன என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

இதில் ராணுவத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. ஜெர்மனி செய்த வி-2 ராக்கெட்டையும் ஜெட் விமானங்களையும் பார்த்து உலகமே அசந்துபோயிருந்தது. அந்த அறிவைச் சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டு புதிதாக ஏதாவது செய்துவிட்டதோ என்ற பயம் அமெரிக்காவுக்கு இருந்தது. வேற்றுக்கிரகவாசிகளைவிட அந்தப் பயம்தான் பெரிது. தளபதி நேதன் ட்வைனிங் 1947 செப்டம்பரில், இதை முறையாக ஆராய வேண்டும் என்று எழுதினார். 1948 ஜனவரியில் ஒஹாயோ மாநிலத்து ரைட் ஃபீல்டில் ‘சைன்’ என்ற திட்டம் தொடங்கியது. அந்த இடம்தான் இன்றைய ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம்.

தொடங்கிய அந்த மாதமே ஓர் உயிர் போய்விட்டது.

1948 ஜனவரி 7, பிற்பகல். கென்டக்கி மாநிலத்தில் பல ஊர்க்காரர்கள் வானத்தில் ஏதோ பெரிதாகத் தெரிகிறது என்றார்கள். காட்மன் விமானத் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். அந்த வழியாகப் பறந்துகொண்டிருந்த போர்விமானங்களிடம் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அவற்றுக்குத் தலைவர் 25 வயதான கேப்டன் தாமஸ் மாண்டெல். உலகப் போரில் பறந்து அனுபவம் பெற்றவர். அவர் மேலே மேலே ஏறினார். அந்தப் பொருள் உலோகம்போல மின்னுகிறது, மிகப் பெரியதாக இருக்கிறது என்று வானொலியில் சொன்னார். கூட வந்தவர்கள் சுமார் 6,800 மீட்டர் உயரத்தில் திரும்பிவிட்டார்கள். மாண்டெல் திரும்பவில்லை. அவர் விமானம் ஃபிராங்க்ளின் என்ற ஊருக்கு அருகே விழுந்து நொறுங்கியது.

இதில் இரண்டு அறிவியல் விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது காற்று. மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும். 4,200 மீட்டருக்கு மேல் போனால் விமானி ஆக்சிஜன் முகமூடி போட்டே ஆக வேண்டும் என்பது அன்றைய விதி. மாண்டெலிடம் ஆக்சிஜன் இல்லை. மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது முதலில் வலிக்காது, மூச்சு முட்டுவதாகவும் தோன்றாது. முதலில் கெடுவது முடிவெடுக்கும் திறன்தான். ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இன்னும் கொஞ்சம் ஏறலாம்’ என்று தோன்றும். அப்படியே நினைவு தப்பிவிடும். பயிற்சி பெற்ற விமானிகளையும் இது ஏமாற்றிவிடும். அதனால்தான் விமானப்படைகள் விமானிகளைக் காற்றழுத்த அறைக்குள் உட்காரவைத்து, தங்கள் உடலில் இது எப்படி நடக்கிறது என்று காட்டிப் பழக்குகின்றன.

இரண்டாவது, நம் பட்டாணி விஷயம். மாண்டெல் துரத்தியது எது? முதலில் வெள்ளிக் கோளாக இருக்கலாம் என்றார்கள். வெள்ளி சில சமயம் பகலிலும் தெரியும் என்பது உண்மை. ஆனால் அன்றைய பகல் வெளிச்சத்தில் அது கண்ணில் படுவது கடினம். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு விடை கிடைத்தது: ஸ்கைஹுக் பலூன். மெல்லிய பிளாஸ்டிக்கால் செய்தது, மேலே போய் விரிந்தால் 30 மீட்டர் அகலம் இருக்கும், சுமார் 30 கிலோமீட்டர் உயரம்வரை போகும். கடற்படை அப்போதுதான் அதைப் பறக்கவிடத் தொடங்கியிருந்தது. அது ரகசியத் திட்டம் என்பதால் விமானப்படையின் ஆய்வாளர்களுக்கே தெரியாது! 2 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் 3 மீட்டர் பொருளும், 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் 30 மீட்டர் பொருளும் கண்ணுக்கு ஒரே அளவில்தான் தெரியும். மாண்டெல் துரத்தியது அந்தப் பலூன் என்றால், அவர் விமானம் எட்டவே முடியாத உயரத்தில் அது இருந்திருக்க வேண்டும். அன்று அந்தப் பக்கம் பலூன் போனதற்கான ஏவல் பதிவு அப்போதைய ஆய்வாளர்கள் தேடியும் கிடைக்கவில்லை. ஆனாலும் பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதுதான். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. ஒரு துறையின் ரகசியம் இன்னொரு துறையின் புதிராக மாறியதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட பெரிய பலூன்கள் பறக்கின்றன. ஹைதராபாதில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் பலூன் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து போகும் பலூன்கள் காற்று தள்ளிய பக்கம் எங்காவது இறங்கும். அதனால் முன்கூட்டியே மக்களுக்கு அறிவித்துவிடுகிறார்கள்.

சைன் திட்டத்துக்கு உதவ ஒரு வானியலாளரையும் அழைத்தார்கள். அவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹைனெக். வந்த தகவல்களில் எது கோள், எது எரிகல் என்று பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வானியல் பொருள்களாகவே இருந்தன. 1949-இல் திட்டத்தின் பெயர் ‘கிரட்ஜ்’ என்று மாறியது. அந்தக் காலத்தில், வந்ததையெல்லாம் எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்ற மனநிலைதான் அதிகம் இருந்தது. ‘எல்லாம் பொய்’ என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு ஆராய்வதும், ‘எல்லாம் விண்கலம்’ என்று முடிவு செய்துகொண்டு ஆராய்வதும் ஒரே மாதிரித் தவறுதான்.

பிறகு வந்தவர் எட்வர்ட் ரூப்பெல்ட். இளம் அதிகாரி, நேர்மையானவர். 1952-இல் ‘ப்ளூ புக்’ என்று பெயர் மாறிய திட்டத்துக்குத் தலைவர் அவர்தான். அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கேள்வித்தாள். பல்கலைக்கழக உளவியலாளர்களின் உதவியோடு அதைத் தயாரித்தார்கள். ‘அது எவ்வளவு பெரியது?’ என்று அது வெறுமனே கேட்காது. கேட்டால் ‘ஒரு பேருந்து அளவு’ என்றுதான் யாரும் சொல்வார்கள்; தூரம் தெரியாமல் அது எப்படித் தெரியும்? அதனால் கேள்வி இப்படி இருந்தது: கையை நீட்டிப் பிடித்தால் எந்தப் பொருள் அளவுக்குத் தெரிந்தது? குண்டூசித் தலையா, பட்டாணியா, சில்லறைக் காசா, பேஸ்பால் பந்தா, கூடைப்பந்தா? பார்த்தவர் ஒன்றைக் குறித்தால் போதும். எந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள், மூக்குக் கண்ணாடியா, ஜன்னலா, கார்க் கண்ணாடியா என்றும் அதில் கேள்வி உண்டு. கண்ணாடியில் உள்ளிருக்கும் விளக்கு பிரதிபலித்தால் வானத்தில் மிதப்பதுபோலத் தெரியுமே! வளைந்த வான்கோடு ஒன்றும் வரைந்திருக்கும். முதலில் எந்த உயரத்தில் பார்த்தீர்கள், கடைசியாக எங்கே என்று அதன்மேல் குறிக்க வேண்டும். கண்ணுக்கு உண்மையாகத் தெரிந்ததை மட்டும் எடுத்து, மனது சேர்த்ததைப் பிரித்துவிடும் வேலை அது.

அந்த ஆண்டே ப்ளூ புக்குக்குப் பெரிய சோதனை வந்தது. 1952 ஜூலை 19 இரவு, தலைநகர் வாஷிங்டனின் விமான நிலையத்து ரேடார் திரையில் ஏழு புள்ளிகள் தோன்றின. அந்தப் பக்கம் எந்த விமானமும் இல்லை. புள்ளிகள் நகர்ந்தன, திடீரென வேகம் எடுத்தன. வெள்ளை மாளிகைக்கு மேலேயும் தெரிந்தன! அடுத்த வாரமும் அப்படியே. ஜெட் விமானங்கள் விரைந்தன. சில சமயம் அவை வந்ததும் புள்ளிகள் மறைந்தன. ஜூலை 29 அன்று ஜெனரல் ஜான் சாம்ஃபோர்ட் செய்தியாளர்களைச் சந்தித்து, வெப்பத் தலைகீழ் மாற்றம்தான் பெரும்பாலும் காரணம் என்றார்.

அது என்ன? வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். ஆனால் தெளிவான கோடை இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும். அதற்கு மேலே சூடான காற்று ஒரு போர்வையாகப் படர்ந்திருக்கும். ரேடார் அலை அந்த எல்லையில் பட்டுக் கீழே வளைந்து, தரையில் இருக்கும் எதன்மீதாவது மோதித் திரும்பி வரும். ரேடாரோ அலை நேராகப் போய் வந்தது என்றே எண்ணி, வானத்தில் ஒரு புள்ளியைப் போட்டுவிடும். வெயில் நேரத்தில் தார்ச் சாலையில் தெரியும் கானல் நீரும் ஒளி வளைவதால் வருவதுதான். அந்த நாட்களில் ரேடார் சொன்ன இடத்துக்கு ஒரு விமானம் போய்ப் பார்த்தது. கீழே பொட்டோமாக் ஆற்றில் ஒரு பயணிகள் நீராவிப் படகு போய்க்கொண்டிருந்ததாம்! இருந்தாலும், ரேடாரைப் பார்த்துப் பழகிய சில ஊழியர்கள் இந்த விளக்கத்தை முழுதாக ஏற்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ப்ளூ புக் 1969-இல் மூடப்பட்டது. மொத்தம் 12,618 தகவல்கள். அவற்றில் 701-க்கு விடை கிடைக்கவில்லை. நாட்டுக்கு ஆபத்து எதுவும் இல்லை, வேற்றுக்கிரக வாகனம் என்பதற்குச் சான்றும் இல்லை என்று விமானப்படை அறிவித்தது. விடை கிடைத்தவற்றிலும் சில பின்னால்தான் முழுதாகப் புரிந்தன. 1955-இல் இருந்து யு-2 என்ற உளவு விமானம் 18 கிலோமீட்டருக்கும் மேலே ரகசியமாகப் பறந்தது. பயணிகள் விமானங்கள் அப்போது 3 முதல் 6 கிலோமீட்டர் உயரத்தில்தான் போயின. கீழே சூரியன் மறைந்து இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிக்கும். யு-2 நெருப்புப்போல மின்னும்! அந்தக் காலத் தகவல்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி உளவு விமானங்கள்தான் என்று 1997-இல் சிஐஏ தன் வரலாற்றுக் கட்டுரையில் சொன்னது. பாதி என்பது கொஞ்சம் அதிகம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். சூரியன் மறைந்த பிறகு செயற்கைக்கோள்கள் மின்னிக்கொண்டு போவதும் இதே காரணத்தால்தான். இன்று மாலையே தேடிப் பாருங்கள்.

சரி, எப்போதும் கையை விட்டு நழுவும் அந்தத் தூரத்தை அளக்கவே முடியாதா? முடியும், இரண்டு பேர் வேண்டும். 1798-இல் ஜெர்மனியில் பிராண்டஸ், பென்சன்பெர்க் என்ற இரண்டு மாணவர்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் நின்றுகொண்டு ஒரே எரிகற்களைப் பார்த்துக் குறித்தார்கள். அவை சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிகின்றன என்று கண்டுபிடித்தார்கள். நீங்களும் பக்கத்து ஊர் நண்பரோடு சேர்ந்து முதலில் ஒரு விமானத்தை வைத்துப் பழகலாம். கைபேசியில் பேசிக்கொண்டு ஒரே நொடியில் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த அகலம் ஏறக்குறைய 10 பாகை. தொடுவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம், எந்தத் திசை, எத்தனை மணி என்று இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில் இரண்டு ஊர்களையும் புள்ளியாக வைத்து, இருவர் பார்த்த திசைக்கும் கோடு போடுங்கள். கோடுகள் வெட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் விமானம் இருந்தது. அது எவ்வளவு உயரம் என்பதை அந்த இடத்தின் தூரமும் முட்டிக் கணக்கும் சேர்ந்து சொல்லிவிடும்.