வாங்கிய புத்தகம் யாருடையது?

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுவோருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் புதிய விதிநூல் வெளியாகவிருந்தது. அதையொட்டி, ‘டி அண்ட் டி பியாண்ட்’ என்ற அதிகாரபூர்வ இணையத்தளத்தில் அவர்கள் சேமித்து வைத்திருக்கும் கதாபாத்திரத் தாள்களில் உள்ள மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதிய விதிகளுக்கேற்ப மாற்றப்படும் என்றது அந்த அறிவிப்பு. பழைய விதிகளே வேண்டும் என்பவர்கள் அவற்றைத் தாங்களே தட்டச்சு செய்து சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அந்தப் பழைய விதிகளும் அவர்கள் காசு கொடுத்து வாங்கியவை. எனவே எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. சில நாள்களிலேயே நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது.

அதே விதிகளை அச்சுப் புத்தகமாக வாங்கியவர்களுக்கு இந்தக் கவலையே எழவில்லை. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை இரவோடு இரவாக யாரும் திருத்த முடியாது.

அச்சா, மின்னிலக்கமா என்று நாம் அடிக்கடி பட்டிமன்றம் நடத்துகிறோம். இந்த விளையாட்டுத் துறையின் அனுபவத்தைப் பார்த்தால், அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருப்பது தெரியும்.

விற்பது எதை?

இந்த விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் காவலாளியிடம் பேச்சுக் கொடுக்கிறேன்’ என்று சொல்லிக் கதையை நகர்த்துவார்கள். முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை முடிவுசெய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய முதல் பதிப்பு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள் இருந்தன. விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள் மட்டுமே.

கதையைச் சொல்வது விளையாடுவோர்தான். நிறுவனம் விற்பது விதிகளையும் ஒரு கற்பனை உலகத்தையும், அதாவது வெறும் எழுத்தையும் படத்தையும். தாளில் அச்சிட்டும் விற்கலாம், கோப்பாக அனுப்பியும் விற்கலாம். அதனால்தான் இரண்டுக்கும் உள்ள போட்டியை இத்துறை மிக முன்னதாகவே சந்தித்தது.

அச்சம் பொய்த்த கதை

2009 ஏப்ரலில், டி அண்ட் டியை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் நூல்களின் பிடிஎஃப் விற்பனையை ஒரேயடியாக நிறுத்தியது. திருட்டுப் பிரதிகள் பரவுவதைக் காரணம் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் போட்டி நிறுவனமான பைசோ நேர்மாறாக நடந்துகொண்டது. தன் ‘பாத்ஃபைண்டர்’ விதிநூலை அச்சில் ஏறத்தாழ 50 டாலருக்கும் பிடிஎஃப்பாக ஏறத்தாழ 10 டாலருக்கும் விற்றது.

ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கோப்பு கிடைக்கும்போது தலையணை போன்ற புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்கத் தோன்றும். வாங்கினார்கள். 2011இல் கடை விற்பனைப் பட்டியலில் டி அண்ட் டியையே முந்தியது பாத்ஃபைண்டர்.

மலிவான கோப்பால் மட்டும் இது நடக்கவில்லை. அப்போதைய டி அண்ட் டி பதிப்பு பழைய ரசிகர்கள் பலருக்குப் பிடிக்காமல் போனதும் முக்கியக் காரணம். ஆயினும், கோப்பு வந்தால் அச்சு செத்துவிடும் என்ற பயம் வீண் என்பது தெளிவானது. 2013 ஜனவரியில் விசர்ட்ஸ் நிறுவனமும் தன் பழைய நூல்களை மீண்டும் பிடிஎஃப்பாக விற்கத் தொடங்கியது.

இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. விளையாட்டின் நடுவே சந்தேகம் வந்தால் பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேடினால் போதும். ஆனால் மேசையில் கைமாற்றிப் பார்க்கவும், படத்தை எல்லாருக்கும் காட்டவும், பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கவும் புத்தகம்தான் வசதி. அதனால் இரண்டையும் சேர்த்தே விற்கும் பழக்கம் வளர்ந்தது. கடையில் அச்சு நூல் வாங்கினால் பிடிஎஃப் இலவசம் என்ற ஏற்பாட்டைச் சிறு பதிப்பகங்கள் சில 2010இல் தொடங்கின. 2021இல் ‘அவதார் லெஜண்ட்ஸ்’ விளையாட்டுக்காக கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 81,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 9.5 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். அங்கும் கோப்பு மட்டும் வேண்டுவோருக்கு ஒரு விலை, புத்தகமும் வேண்டுவோருக்கு வேறு விலை.

சிறியவர்களுக்குத் திறந்த கதவு

பதிப்பாளரின் கணக்கையும் பார்ப்போம். 50 டாலர் புத்தகம் ஒன்று விநியோக நிறுவனம் வழியாகக் கடைக்குப் போனால், பதிப்பாளர் கைக்கு வருவது பொதுவாக 40 விழுக்காடு, அதாவது 20 டாலர். அச்சுக் கூலி, கப்பல் செலவு, கிடங்கு வாடகை, எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விற்காமல் திரும்பி வந்தால் நட்டமும் அவருடையதே. டி அண்ட் டியை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் கடனில் மூழ்கி 1997இல் விசர்ட்ஸிடம் கைமாறியதற்கு, விற்காத நூல்கள் குவியல் குவியலாகத் திரும்பி வந்தது ஒரு முக்கியக் காரணம்.

அதே உள்ளடக்கத்தை டிரைவ்துரூ ஆர்பிஜி தளத்தில் 20 டாலர் பிடிஎஃப்பாக விற்றால் 65 முதல் 70 விழுக்காடு, அதாவது 13 அல்லது 14 டாலர் பதிப்பாளருக்குக் கிடைக்கும். அச்சும் இல்லை, கிடங்கும் இல்லை. வாங்குபவருக்கும் தபால் செலவு மிச்சம். சிகாகோவில் இருப்பவரும் சிரம்பானில் இருப்பவரும் ஒரே நேரத்தில் பதிவிறக்கலாம்.

இதனால் பெரிய முதலீடு இல்லாதவர்களுக்கும் வழி பிறந்தது. மலேசிய எழுத்தாளர் ஸெடெக் சியூவும் ஓவியர் முன்காவும் படைத்த ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பியக் கோட்டைகளை விட்டுவிட்டு, தென்கிழக்காசிய ஆறுகளையும் காடுகளையும் களமாகக் கொண்ட சிறு நூல்கள் இவை. ஒன்றில் முதலைகள் ஆளும் ஆற்றங்கரை அரசு வருகிறது. அச்சிலும் பிடிஎஃப்பாகவும் வெளிவந்த இந்நூல்கள் மேற்கத்திய ரசிகர்களிடமும் பெயர் வாங்கின.

பிடிஎஃப்பை நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது எளிது. ஆனால் அதனால் அடிபடுவது பெரிய நிறுவனத்தைவிட இப்படிப்பட்ட இருவர்தான் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

கோப்பு வேறு, கணக்கு வேறு

ஆக, அச்சும் கோப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. சிக்கல் வருவது மூன்றாவது வகையில்.

பிடிஎஃப் வாங்கினால் கோப்பு நம் கணினிக்கு வந்துவிடுகிறது. விற்ற தளம் நாளை மூடப்பட்டாலும் அது நம்மிடம் இருக்கும். டி அண்ட் டி பியாண்ட் போன்ற தளத்தில் வாங்குவது அப்படியன்று. அங்கே நமக்குக் கிடைப்பது உள்ளடக்கத்தைத் தளத்துக்குள் பயன்படுத்தும் அனுமதி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் முக்கிய விதிநூல்களை நிறுவனம் பிடிஎஃப்பாக விற்கவே இல்லை. அச்சு அல்லது தளம், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

தளத்தில் வசதிகள் உண்டு. கதாபாத்திரத்தின் கணக்கை அதுவே போட்டுவிடும். புதிதாக விளையாடுவோருக்கு அது பெரிய உதவி. ஆனால் அச்சுப் புத்தகத்தை மேசையில் வைத்தால் ஐந்து பேரும் புரட்டலாம். தளத்தில் வாங்கியதைக் குழுவினருடன் பகிர வேண்டுமென்றால் உயர்நிலைச் சந்தா கட்ட வேண்டும். புத்தகம் வாங்குபவர் ஒருமுறை பணம் கொடுப்பார். சந்தாதாரர் மாதந்தோறும் கொடுப்பார். விசர்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ, வேறொரு நிறுவனத்திடம் இருந்த இந்தத் தளத்தை 2022இல் 146.3 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது ஏன் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சந்தாதாரர்களின் கையிலும் ஒரு பிடி இருக்கிறது. 2023 ஜனவரியில், மற்றவர்கள் டி அண்ட் டி விதிகளைப் பயன்படுத்தி நூல் எழுத அனுமதித்த பழைய உரிமத்தை விசர்ட்ஸ் மாற்றப்போகிறது என்ற செய்தி கசிந்தது. ரசிகர்கள் சந்தாவை ரத்துசெய்யக் கிளம்பினார்கள். அம்மாத இறுதியில் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அந்த நாள்களில் பைசோவின் அச்சு விதிநூலுக்கு ஏற்பட்ட தேவையும் கவனிக்கத்தக்கது. எட்டு மாதத்துக்குப் போதும் என்று எண்ணி வைத்திருந்த இருப்பு இரண்டே வாரத்தில் தீர்ந்தது. இத்தனைக்கும் அந்த விளையாட்டின் விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாணவர்களுக்கு இதில் என்ன?

நம்மில் பலர் இந்த விளையாட்டை ஆடப்போவதில்லை. ஆனால் இதே வகை விற்பனையை நாம் அன்றாடம் சந்திக்கிறோம். பல்கலைக்கழகப் பாடநூல்கள் சில குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் திறக்கும் கடவுக் குறியீடுகளாக விற்கப்படுகின்றன. மூத்த மாணவரிடம் பாதி விலைக்குப் பழைய புத்தகம் வாங்கும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. நூல்கள் மறைந்துபோயின.

மின்னிலக்கம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மாணவர் பையின் எடையும் பணப்பையின் எடையும் நமக்குத் தெரியும். ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்துமுன், கோப்பு என் கணினிக்கு வருமா, அந்த நிறுவனம் நாளை இல்லாவிட்டாலும் என்னால் திறக்க முடியுமா என்று பார்த்துக்கொள்வோம். இல்லை என்றால் நாம் கொடுப்பது வாடகை. வாடகைக்கு எடுப்பதில் தவறில்லை. ஆனால் சொந்தமாக வாங்கும் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.